என் பெயரை அடிக்கச் சொன்ன மகனுக்கு

அந்தோணி,

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் ஹாலில் நீ பேசியதை நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். நான் அங்கே இருந்தது உனக்குத் தெரியாது. முழங்கால் வலி என்று முதல் பூசையோடு வீட்டுக்குப் போயிருப்பேன் என நினைத்திருப்பாய். வருகிற ஞாயிறு நம் கோயிலுக்கு வரும் ஆயருக்குக் கறுப்புக்கொடி காட்டப் போகிறோம் என்று பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்டு ஃபாதரிடம் கொடுத்த தாள் உன் கையில் இருந்தது. பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் ஒவ்வொரு பெயராகப் படித்தாய். நான்காவது பெயர் வந்ததும் நிறுத்தினாய். "இது எங்கம்மா பேரு ஃபாதர். அவங்களுக்கு வயசாயிடுச்சு. யார் எத நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடுவாங்க. இன்னா ஏதுன்னு புரியற நெலையில அவங்க இல்ல. அந்தப் பேர அடிச்சிடுங்க" என்றாய். ஃபாதர் பேனாவை எடுத்து அடித்தார். சிலர் உன்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், புத்தி கலங்கிய தாயை வைத்துக்கொண்டு அல்லாடும் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

எனக்கு அறுபத்தொரு வயது. வெள்ளானூரில் தனியாக இருக்கிறேன். அரிசி வாங்குவதும் ரேஷன் வரிசையில் நிற்பதும் மோட்டார் ரிப்பேரானால் ஆள் தேடிப் போவதும் நான்தான். உன் பையனுக்கு அம்மை போட்டிருந்தபோது அண்ணனூரில் உன் வீட்டுக்குத் தினமும் பஸ் மாறி வந்து பார்த்துக்கொண்டதும் நான்தான். அப்போதெல்லாம் என் புத்தி உனக்குச் சரியாகவே இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே என் பெயரை மறுபடி எழுதினேன். "ஏம்மா, பையன் சொல்றதக் கேக்கக் கூடாதா?" என்றார். "அவனுக்கு எழுதக் கத்துக்குடுத்ததே நான்தான் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ஹாலிலேயே எழுந்து பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்று உனக்கு வசதியாகப் போயிருக்கும். அதனால் எழுதுகிறேன். நீ நாலு பேர் நடுவில் சொன்னாய். நானும் நாலு பேர் படிக்கத்தான் எழுதுகிறேன். இதை ஜெராக்ஸ் எடுத்து ஃபாதருக்கும் மற்ற பன்னிரண்டு பேருக்கும் கொடுக்கப் போகிறேன். கையால் எழுதியது உனக்கு. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இப்படியே எழுதுகிறேன்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று நீ மறந்துவிட்டாய், அல்லது மறந்ததுபோல நடக்கப் பழகிவிட்டாய். பெரியப்பா சூசை இறந்தபோது உனக்குப் பதினெட்டு வயது. ஐ.டி.ஐ. பரீட்சை இருந்ததால் நீ ஊருக்கு வரவில்லை. அதனால் உனக்கு அது கேள்விப்பட்ட சங்கதி. எனக்கு அப்படி இல்லை. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தவர். என் அக்கா, உன் பெரியம்மா ஆரோக்கியமும் அவரும் முத்தாபுதுப்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளை இல்லாததால் நீதான் அவர்களுக்குப் பிள்ளை. பெரிய வெள்ளிக்கிழமை நம் கோயிலில் அந்தக் கனத்த மரச் சிலுவையைத் தோளில் சுமந்து நடப்பது வருஷா வருஷம் அவர்தான். மஞ்சள் காமாலை வந்து பன்னிரண்டே நாளில் போய்விட்டார். தாய் தகப்பன் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வேன் பிடித்து ஊருக்குக் கொண்டு போனோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. நீயும் அதை எங்கேயும் எழுதுவதில்லை. காரணம்தான் வேறு வேறு.

காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஊரில் பிணப்பெட்டியை வைத்துத் தூக்கும் தூம்பா இரண்டு உண்டு. ஒன்று பெரிய தெருச் சாதிக்காரர்களுக்கு. இன்னொன்று நமக்கு. கல்லறைக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. சிலுவைபோலக் கட்டிய கோயிலுக்குள்ளும் அவர்கள் உட்காருவது ஒரு கை, நாம் உட்காருவது இன்னொரு கை. இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் அங்கே பிறந்தவள். ஆனால் அன்றைக்குப் பெட்டியைப் பெரிய தெரு வழியாகக் கொண்டு போகக் கூடாது, கோயிலுக்குள் வைக்கவும் கூடாது என்று முப்பது நாற்பது பேர் குறுக்கே நின்றார்கள். அந்த ஊர்ச் சாமியார் வெளியே வந்தார். "வயக்காட்டு வழியா கொண்டு போயிடுங்க. வாசல்லயே வெச்சு மந்திரிச்சுடறேன். நானும் இந்த ஊர்ல காலம் தள்ளணும்" என்றார். "சாமி, அவரு ஆவடி கோயில்ல சிலுவ தூக்கினவரு" என்றாள் அக்கா. "அது ஆவடிம்மா" என்றார் அவர். வெயிலில் மூன்று மணி வரைக்கும் நின்றோம். பெட்டிக்கு அடியிலிருந்து ஐஸ் உருகித் தண்ணீர் ஒழுகியது. உன் அப்பா தன் துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வரப்பில் நடந்துபோய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் புதைத்துவிட்டு வந்தோம். மந்திரிக்கக்கூட நாங்கள் விடவில்லை. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்த மறைமாவட்டத்தின் ஆயருக்கு அக்கா மூன்று கடிதம் போட்டாள். அவளுக்கு எழுத வராது. மூன்றையும் எழுதியது நான். அவள் சொல்லச் சொல்ல, என் கையெழுத்தில். மூன்றுக்கும் பதில் வரவில்லை. இதை நீ நன்றாகப் படி. நடந்தது எதுவும் தெரியாமல் நான் பிற்பாடு பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து நம் கோயிலைப் பெரிதாக்கிக் கட்டி முடித்தார்கள். அப்போதிருந்த பங்கு ஃபாதர், தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்று அதே ஆயரை மந்திரிக்கக் கூப்பிட்டார். அக்கா செய்தி கேட்டதும் ஒன்றுதான் சொன்னாள். "லெட்டருக்குத்தான் பதில் இல்ல. நேர்ல மூஞ்சப் பாத்துக் கேக்கறேன்." உன் அப்பா வேலை பார்த்த ஃபாக்டரியின் குவார்ட்டர்ஸிலும் எஸ்டேட்டிலும் நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பதினோரு குடும்பங்கள் அவளோடு சேர்ந்தன. கறுப்புக்கொடி பிடிப்பது என்று முடிவானது. கோயில் முழுக்க அதே பேச்சு. சரி என்றவர்களும் உண்டு, பாவம் என்றவர்களும் உண்டு. கடைசியில் இதே ஹாலில் கூட்டம் போட்டார்கள். நான் பெண்கள் சபைக்குச் செயலாளர். ஆயருக்கு வரவேற்பு மடல் வாசிக்கப் போகிறவளும் நான்தான். அதற்காக ஒரு வெள்ளைப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸில் யாருக்கும் நாம் எந்தத் தெரு என்று தெரியாது. கேட்டால் ஃபாக்டரிக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். முதல் பெஞ்சில் உட்காரலாம். அந்த முதல் பெஞ்சு போய்விடுமே என்றுதான் நான் எழுந்தேன். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

நான் பேசியது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "ஊர்ச் சண்டைய ஊரோட உட்டுட்டுத்தான் நாம இங்க வந்தோம். வந்த எடத்துல அதத் தூக்கிக்கினு வந்து சாமி வாசல்ல கொட்ட வேணாம்" என்றேன். கைதட்டல் வந்தது. முதலில் கைதட்டியது நீ. யாரோ ஒருவர், உங்க அக்காவே முன்னால நிக்கறாங்களே என்று கேட்டார். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "அவளுக்குப் புருஷன் செத்த துக்கம். புத்தி ஒரு நெலையில இல்ல. அவ பேச்ச யாரும் பெரிசா எடுத்துக்காதீங்க." அதோடு முடிந்தது. பதினோரு குடும்பமும் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டது. சொந்தத் தங்கச்சியே சொல்கிறாளே என்றார்கள். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து போனாள். இப்போது உனக்குப் புரிகிறதா, போன ஞாயிறு கடைசி பெஞ்சில் என்னால் ஏன் எழுந்திருக்க முடியவில்லை என்று? என் வாயிலிருந்து எடுத்துத்தான் நீ பேசினாய்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தைச் சுருக்கமாக எழுதியிருப்பேன். ஆயர் வரும் அன்று காலையில் அக்கா தனியாக வந்து கோயில் ரோடு திரும்பும் முனையில் நின்றாள். கறுப்பு உள்பாவாடைத் துணியைக் கிழித்து ஒரு கழியில் கட்டியிருந்தாள். வரவேற்புக் குழுத் தலைவர் செபாஸ்டியன் என்னிடம் ஓடி வந்தார். "இன்னாமா இது, உங்க அக்கா அங்க நின்னுகினு கீது. போலீஸக் கூப்புட்டா அசிங்கம். வாலண்டியர் பசங்க கிட்ட போனா கத்துது. நீயே எதனா ஒரு வழி சொல்லு" என்றார். நான் வழி சொன்னேன். ஆயரை வரவேற்று எழுதிய அந்த நீளமான துணி பேனரை அவளுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், கார் போகும்போது அவள் தெரிய மாட்டாள் என்றேன். ஒரு முனையை என் பையன் பிடிக்கட்டும், அவன் பிடித்தால் அவள் தள்ள மாட்டாள் என்றும் சொன்னேன். உன்னை வளர்த்தவள் உன்மேல் கை வைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பாசத்தைத்தான் நான் அவளுக்கு எதிராகப் பயன்படுத்தினேன். இதை உன் அப்பாவிடம் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

நீ ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றாய். கார் வந்தது, போனது. ஆயர் பேனரைப் பார்த்துக் கைகூப்பியதாகச் சொன்னார்கள். நான் உள்ளே பட்டுப்புடவையில் மடல் வாசித்தேன். நன்றாக வாசித்தேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மத்தியானம் நீ வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. பிறகு சொன்னாய்: "பெரியம்மா என்ன ஒண்ணும் திட்டல. கை வலிக்கும்டா, மாத்திப் புடின்னு சொல்லிச்சு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நாம் செய்தது தப்பா என்று அன்று நீ என்னிடம் கேட்க வந்தாய், அந்தோணி. எனக்கு நன்றாகவே தெரிந்தது. "ஆறிப்போவுது, சாப்பிடு" என்றேன். உனக்கு நான் செய்த கெடுதல்களில் பெரியது அதுதான். பேனரைப் பிடிக்கச் சொன்னதைவிட அதுதான் பெரியது. அன்றிலிருந்து நீ யாரிடமும் எதையும் கேட்பதை விட்டுவிட்டாய். எது வசதியோ அதைச் செய்யக் கற்றுக்கொண்டாய்.

உன் அப்பா அன்று சாயங்காலம் என்னிடம், "எதுக்குடி அப்படிப் பேசுன?" என்றார். "உங்க வேலைக்கு எதனா வந்துட்டா? சென்ட்ரல் கவர்மெண்ட் வேலை" என்றேன். "என் வேலையப் பத்தி நீ என்ன கேட்டியா? நான் பயந்தேன்னு சொன்னேனா? எம்மேல பழி போடாத" என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசி நீ கேட்டிருக்க மாட்டாய். அன்று போட்டார். சாகும் முன்பு ஆஸ்பத்திரியில், ஆரோக்கியத்தப் போயி ஒரு வாட்டி பாரு என்றார். பார்க்கிறேன் என்று தலையாட்டினேன். மூன்று வருஷம் போகவில்லை. ஆவடிக்கும் முத்தாபுதுப்பேட்டைக்கும் எவ்வளவு கொஞ்ச தூரம் என்று உனக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். தேர் பெரிய தெருவைச் சுற்றி வந்து நம் தெரு முனையில் நின்று அப்படியே திரும்பிப் போனது, நான் சிறுமியாக இருந்தபோது திரும்பிய அதே இடத்தில். நம் தெருவில் பால்வாடியில் வேலை செய்யும் ஒரு பெண், ரோசி என்று பெயர், எனக்குச் சோறு போட்டாள். ஆவடியில் எப்படி என்று கேட்டாள். அங்கேயெல்லாம் இந்தப் பேதம் கிடையாது, எல்லாரும் கலந்துதான் உட்காருவோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "அப்ப நல்லா இருக்கிற எடத்துல இருந்துகிட்டு எங்களுக்காக ஒரு வார்த்த பேசியிருக்கீங்களா அத்தை?" நான் தட்டை நகர்த்தி வைத்தேன். பேசியிருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? என்ன பேசினேன் என்று சொல்ல முடியுமா?

திரும்பி வந்த மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். அதே ஓட்டு வீடு. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கல்லறைச் சுவரை இடிக்கச் சொல்லி, அந்த மறைமாவட்டத்துக்குப் புதிதாக வந்த ஆயருக்கும் அவளும் ரோசியும் மனு கொடுத்து இரண்டு வருஷமாகிறது. அவர் நம் கோயிலுக்கு வருகிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. "மன்னிப்பு கேக்க வந்தியா, கூட வர வந்தியா?" என்றாள். "கூட வர" என்றேன். "அப்ப கையெழுத்துப் போடு. மத்ததப் பொறவு பாத்துக்கலாம்" என்று தாளை எடுத்து நீட்டினாள். முதல் மூன்று பெயர் ஏற்கெனவே இருந்தது. நான்காவதாகப் போட்டேன். யாரோ நீட்டினார்கள், என்னவென்று தெரியாமல் போட்டேன் என்று ஹாலில் சொன்னாயே, அது இந்தக் கையெழுத்துத்தான். என் ஆயுசில் இதைவிடத் தெளிவாக வேறு எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

நீ அன்று சொன்ன வாதங்களையும் கேட்டேன். சுவரைக் கட்டியது இந்த ஆயர் இல்லை என்றாய். இல்லைதான். ஆனால் மனு இவர் மேசையில் இரண்டு வருஷமாகக் கிடக்கிறது. விருந்தாளியை அவமானப்படுத்தலாமா என்றாய். உன் பெரியப்பாவும் அந்த ஊருக்கு விருந்தாளியாகத்தான் போனார், பெட்டியில். இப்போது காலம் சரியில்லை, வெளியே நம் கோயில்கள்மேல் கல்லெறியக் காத்திருக்கிறார்கள், நாமே நம் அழுக்கைக் காட்டலாமா என்றாய். இதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி, எப்போதும் அடிபடுகிறவனையே வாயை மூடச் சொல்கிறாய். சுவர் கட்டியவனிடம் போய், காலம் சரியில்லை, கொஞ்சம் இடித்துவிடு என்று நீ ஒரு நாளாவது சொன்னாயா? சொல்லிவிட்டு வந்து என்னிடம் பேசு. நான் கேட்கிறேன்.

உன் உண்மையான காரணம் இதில் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிறன்று உன் மாமனாரும் மாமியாரும் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். பெண் கேட்கப் போனபோது எந்த ஊர் என்று அவர்கள் கேட்டதற்கு, "நாங்க ஆவடிதான்" என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யில் பாதி என்னுடையது. ஸ்டெல்லாவுக்காவது தெரியுமா என்று இன்றுவரை நான் உன்னைக் கேட்டதில்லை. நல்ல பெண். என் காலுக்குத் தைலம் தேய்க்கிறவள். அவள் இந்தக் கடிதத்தை யாரோ கொடுத்துப் படிக்கக் கூடாது. இன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நான் ஜெராக்ஸ் கடைக்குப் போவேன். அதற்குள் நீயே அவளை உட்கார வைத்துச் சொல்லிவிடு. அந்த இரண்டு நாள் மட்டும்தான் என்னால் உனக்குக் கொடுக்க முடியும். அதற்குமேல் பொறுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோயில் ரோட்டு முனையில் நிற்போம். கத்த மாட்டோம். யாரையும் மறிக்க மாட்டோம். யாராவது உன்னிடம், அந்தக் கிழவி யார் என்று கேட்டால், எங்கம்மா என்று சொல். அதற்குப் பிறகு, அவங்க செய்வது தப்பு என்று சொல்ல வேண்டுமானால் சொல். அது உன் உரிமை. புத்தி சரியில்லை என்று மட்டும் சொல்லாதே.

பூசை முடிந்து வழக்கம்போல வெள்ளானூருக்குச் சாப்பிட வராதே. வீடு பூட்டியிருக்கும். நான் அக்கா வீட்டில் இருப்பேன். அவள் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பசித்தால் அங்கே வா, ஸ்டெல்லாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. நீ பதினோரு வருஷமாகப் போகாத வீடு. பக்கத்தில் நிறைய கட்டிடம் வந்துவிட்டது, அடையாளம் தெரியாது, கேட்டுக்கொண்டு வா. ஆனால் வாசலில் கால் வைப்பதற்கு முன்னால் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வா. அவள் உன்னை எதுவும் கேட்க மாட்டாள். நான் கேட்பேன்.

அம்மா